ஜீப் ஒருவரிடம், டிரைவர் ஒருவரிடம்

காலை ஏழரை மணி வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். அதற்குள் பழைய கலங்கரை விளக்கத்திலிருந்து துய்ப்ளெக்ஸ் சிலை வரை இரண்டு நடை நடந்துவிடுவது என் வழக்கம். கூட வருபவர் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவர். அம்பாலா, ஜோர்ஹாட், சூலூர் என்று பல ஊர்த் தண்ணீர் குடித்தவர். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் என்னைக் கிண்டலாக "முசியே" என்றுதான் கூப்பிடுவார்.

போன வாரம் ஒரு நாள் வந்ததும் வராததுமாக, "முசியே, எங்க ஏர் ஃபோர்ஸை மூணு துண்டா வெட்டப் போறாங்க, படிச்சீங்களா?" என்றார். முப்படைகளையும் சேர்த்துத் தியேட்டர் கமாண்டுகள் அமைக்கும் திட்டத்தைச் சொல்கிறார். நான் படித்திருந்தேன். "வெட்டுறதுன்னு ஏன் சார் சொல்றீங்க, மூணு ஃபைலை ஒரு ஃபைலா சேர்க்கிறாங்க" என்றேன். அவ்வளவுதான். அன்றைக்கு நடை இரண்டு சுற்றிலிருந்து நான்கு சுற்றாகிவிட்டது. கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க குமாஸ்தா. உங்களுக்கு ஃபைல் தெரியும், பிளேன் தெரியாது."

சரி, ஃபைல் தெரிந்தவன் கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது என்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். தியேட்டர் பற்றி என்றேன். "எந்தத் தியேட்டர், ரத்னாவா?" என்றாள். அவள்மேல் தப்பில்லை. படை பேச்சில் தியேட்டர் என்றால் ஒரு போர் நடக்கும் பரப்பு முழுவதும். பிரெஞ்சிலும் இதே சொல்தான், பள்ளியில் நெப்போலியன் பாடத்தில் படித்திருக்கிறேன்.

நம் விமானப்படை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் வாயு பவன், அங்கே விமானப்படைத் தலைவர். அவருக்குக் கீழே ஏழு கமாண்டுகள். மேற்கு டெல்லியில், கிழக்கு ஷில்லாங்கில், மத்திய கமாண்டு பிரயாக்ராஜில், தென்மேற்கு காந்திநகரில், தெற்கு திருவனந்தபுரத்தில். இந்த ஐந்தும் போர் செய்பவை. பெங்களூரில் பயிற்சிக்கு ஒன்று, நாக்பூரில் பராமரிப்புக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏர் மார்ஷல். கமாண்டுக்குக் கீழே விங், விங்குக்குக் கீழே ஸ்குவாட்ரன். ஒரு ஸ்குவாட்ரன் என்றால் 16 முதல் 18 போர் விமானங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விங் கமாண்டர் என்ற பதவியில் இருப்பவர் விங்கை நடத்துவதில்லை, பெரும்பாலும் ஸ்குவாட்ரனைத்தான் நடத்துகிறார். விங்கை நடத்துபவர் குரூப் கேப்டனோ ஏர் கொமடோரோ. ஸ்குவாட்ரன் லீடருக்கு ஸ்குவாட்ரன் இல்லை. ஆங்கிலேயர் பழக்கம் அப்படியே வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் விமானப்படையில் தரைப்படையின் பதவிப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள், கேப்டன், கொமாந்தான், கொலோனெல் என்று. எங்கள் தெருவில் இருந்த சொல்தா தாத்தாவுக்கு ஆங்கிலப் பதவிப் பெயர்களை எத்தனை முறை விளக்கினாலும் புரியாது. "அப்போ விங்குக்கு யார்தான் பொறுப்பு?" என்று எரிச்சலோடு கேட்பார்.

பெயர் ஒன்று, வேலை ஒன்று என்பது சின்ன விஷயம் இல்லை. இந்தச் சண்டை முழுவதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1947 ஆகஸ்டில் சுதந்திரம் வந்தபோது முப்படைகளுக்கும் தனித்தனித் தலைமைத் தளபதிகள் ஆனார்கள். விமானப்படையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் சுப்ரதோ முகர்ஜி, 1954 ஏப்ரல் 1 அன்று. அடுத்த ஆண்டே, 1955-இல், ஒரு சட்டம் போட்டு அந்தப் பதவியின் பெயரை மாற்றினார்கள். தலைமைத் தளபதி போய் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' வந்தது. ஸ்டாஃப் என்றால் ஆலோசனை சொல்லி, திட்டம் போட்டு, ஆளையும் பொருளையும் தயார் செய்து கொடுக்கும் அலுவலகம். பிரெஞ்சில் 'எத்தா மழோர்' என்பார்கள். அந்தச் சொல்லில் அதிகாரத்தைவிட எழுத்து வேலையின் வாசனைதான் அதிகம். ஆனால் நம் ஊரில் என்ன நடந்தது? பலகையில் பெயர் மாறியது, மேசையில் வேலை மாறவில்லை. படையைத் தயார் செய்பவரும் அவரே, படையை ஏவுபவரும் அவரே என்று எழுபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பதவியின் பெயரை மாற்றி உத்தரவு போட்டுவிட்டு, பணி ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திருத்த மறந்துபோன அலுவலகங்களில் நானும் இருந்திருக்கிறேன்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், அங்கே இருந்தவர்களில் பலர் இப்போது இல்லை.

ஒரு புயல் ஆண்டு. மழை விட்ட ராத்திரி, தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோக வேண்டும். எலுமிச்சைச் சாதம், நானூற்றுச் சொச்சம் பொட்டலங்கள் கட்டித் தயாராக இருந்தன. ஜீப் எங்கள் பிரிவைச் சேர்ந்தது. டிரைவர் இன்னொரு பிரிவின் சம்பளப் பட்டியலில் இருந்தார், அவர்கள் சொன்னால்தான் வண்டியை எடுப்பார். டீசல் கூப்பனில் கையெழுத்துப் போட வேண்டியவர் மூன்றாவது இடத்தில். அவர் வீட்டுக்குப் போய்விட்டார், மரம் விழுந்து வழி இல்லை. மூன்று பேரும் நல்லவர்கள். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. 'அவர் சொன்னால் நான் செய்கிறேன்' என்றுதான் ஒவ்வொருவரும் சொன்னார்கள். நான் சைக்கிளில் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு அலைந்து, கையெழுத்தெல்லாம் வாங்கி, ஜீப் புறப்பட்டபோது விடிந்துவிட்டது. குப்பத்தில் பொட்டலத்தைப் பிரித்த ஒரு கிழவி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்து என் கையிலேயே கொடுத்தாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஆகவே 1999 கார்கில் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. மே மாத ஆரம்பத்திலேயே ஊடுருவல் தெரிந்துவிட்டது. தரைப்படை தாக்குதல் ஹெலிகாப்டர் கேட்டது. அந்த உயரத்துக்கு அது ஒத்துவராது, தவிரவும் வான்படை இறங்கினால் சண்டை பெரிதாகும், அரசின் அனுமதி வேண்டும் என்றது விமானப்படை. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. விமானங்கள் தாக்கத் தொடங்கியது மே 26-ஆம் தேதி. அதற்குள் மலையில் எத்தனை பையன்கள் போனார்கள்! போர் முடிந்ததும் அமைத்த ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் கே. சுப்பிரமணியம், திருச்சியில் பிறந்தவர். அந்தக் குழுவிலிருந்து தொடங்கிய சிந்தனைதான், 2001-இல் அமைச்சர்கள் குழு, அதே ஆண்டு அந்தமானில் முப்படைகளுக்கும் பொதுவான முதல் கமாண்டு, கடைசியாக 2020 ஜனவரி 1 அன்று முப்படைத் தலைமைத் தளபதியாக ஜெனரல் பிபின் ராவத் என்று வந்து நின்றது. ஃபைல் நகர இருபது ஆண்டு. நம் வேகத்துக்கு இது மோசமில்லை.

படத்தை விரித்துப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும். தரைப்படைக்கு ஏழு கமாண்டு, விமானப்படைக்கு ஏழு, கடற்படைக்கு மூன்று. ஆக 17. கிழக்கைக் காக்கும் தரைப்படைத் தளபதி கொல்கத்தாவில் உட்கார்ந்திருக்கிறார், விமானப்படைத் தளபதி ஷில்லாங்கில். மேற்குக்குத் தரைப்படை சண்டிமந்திரில், விமானப்படை டெல்லியில். தெற்குக்கு ஒருவர் புனேயில், மற்றவர் திருவனந்தபுரத்தில். எல்லைக் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரே எதிரியை நோக்கி நிற்கும் இருவர் ஓர் ஊரில் இல்லை. தொலைபேசி இருக்கிறதே என்பார் என் நண்பர். இருந்தது சார், எங்கள் ஆபீசிலும் தொலைபேசி இருந்தது.

இதைச் சரி செய்யத்தான் மூன்று தியேட்டர்கள் என்கிறார்கள். பாகிஸ்தானை நோக்கி ஒன்று, சீனாவை நோக்கி ஒன்று, கடலுக்கு ஒன்று. பத்திரிகைகளில் வந்தபடி ஜெய்ப்பூர், லக்னோ, திருவனந்தபுரம். ஒவ்வொன்றிலும் ஒரே தளபதியின் கீழ் மூன்று படைகளும். சீனா 2016-இலேயே தன் ஏழு ராணுவ வட்டாரங்களைக் கலைத்து ஐந்து தியேட்டர்களாக்கிவிட்டது. இங்கே ராவத் அதற்காக வேகமாகத்தான் ஓடினார். ஆனால் 2021 ஜூலையில் ஒரு பேச்சில், விமானப்படை என்பது பீரங்கிப் பிரிவு, பொறியியல் பிரிவு போல ஒரு துணைப் பிரிவு என்ற பொருளில் சொல்லிவிட்டார். அப்போதைய விமானப்படைத் தலைவர் பதௌரியா அதை மறுத்தார். அன்றைக்கு என் நண்பர் என்னோடும் பேசவில்லை, ஏதோ நான் சொன்ன மாதிரி! அந்த டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து ராவத்தும் மனைவியும் மற்றவர்களும் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மாதத்துக்கு மேல் அந்த நாற்காலி காலியாக இருந்தது. ஒரு பதவி அவ்வளவு அவசியம் என்றால் அதை ஒன்பது மாதம் காலியாக விடுவார்களா என்று எனக்குள் இருக்கும் குமாஸ்தா அப்போது கேட்டுக்கொண்டான்.

இதுவரை படித்தவர்கள் நான் தியேட்டர் கட்சி என்று முடிவு கட்டியிருப்பீர்கள். பாதிதான் சரி. மறுபாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது 1940-ஆம் ஆண்டு பிரான்ஸ்.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் வீட்டில் பழைய புத்தகங்கள் நிறைய. அதில் ஒன்று, தளபதி தஸ்தியே த லா விழெரி எழுதியது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'வானம் வெறுமையாக இல்லை' என்று வரும். 1940-இல் பிரான்சின் வடக்கு வான் மண்டலத்துக்குத் தளபதியாக இருந்தவர் அவர். ஜெர்மானியர் உள்ளே புகுந்தபோது நம் விமானங்கள் எங்கே என்று தரையில் நின்ற சிப்பாய்களெல்லாம் வானத்தைப் பார்த்துக் கேட்டார்களே, அதற்கு அவர் சொன்ன பதில் அந்தத் தலைப்பு.

பிரான்ஸ் விமானப்படை 1934-இல் சட்டப்படி தனிப் படையானது. ஆனால் போர் வந்தபோது அதை நிலப்பரப்பைக் கொண்டு பங்கு போட்டிருந்தார்கள். வடக்கு, கிழக்கு, தெற்கு, ஆல்ப்ஸ் மலைப் பக்கம் என்று வான் நடவடிக்கை மண்டலங்கள். ஒவ்வொரு மண்டலமும் அந்தந்தப் பகுதித் தரைப்படையின் தேவைக்காக. மேலே விமானப்படைத் தலைவர் வியமேன், அவருக்குப் பக்கத்தில் தரைப்படைக்கு ஒத்துழைக்கும் வான்படைகளுக்கென்று இன்னொரு தளபதி, கீழே மண்டலத் தளபதிகள், ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஜெர்மானியர் மே 13 அன்று செடான் என்ற ஒரே இடத்தில், மியூஸ் ஆற்றங்கரையில், நூற்றுக்கணக்கான விமானங்களைக் கொண்டுவந்து நாள் முழுக்கக் கொட்டினார்கள். இத்தாலி போருக்கு வந்ததே ஜூன் 10-இல்தான். ஆனால் அது வரக்கூடும் என்று ஆல்ப்ஸ் பக்கமும் விமானங்களை வைத்திருக்க வேண்டியிருந்தது. தஸ்தியே எழுதியதில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. மாலையானால் அவரே தரைப்படைத் தலைமையகங்களுக்குத் தொலைபேசியில் பேசி, நாளைக்கு வேலை இல்லாத விமானப் பிரிவுகள் என்னிடம் இருக்கின்றன, ஏதாவது வேண்டுமா என்று கேட்பாராம். நன்றி, ஒன்றும் வேண்டாம் என்பதுதான் வழக்கமான பதிலாம்.

நாடு பறிபோகிற வாரத்தில்!

தோல்விக்கு இந்த ஒரு காரணம்தான் என்று நான் சொல்ல மாட்டேன். விமானிகள் பற்றவில்லை. புது விமானங்கள் ஆயுதமும் ரேடியோவும் பொருத்தப்படாமல் கிடங்கில் கிடந்தன. தளபதிகள் பழைய போரையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே கோடையில் கடலுக்கு அந்தப் பக்கம் டௌடிங் என்ன செய்தார் என்று பாருங்கள். பிரிட்டனின் போர் விமானங்கள் அத்தனையும் ஒரே ஃபைட்டர் கமாண்டில், அவர் கையில். கீழே குரூப்புகளாகப் பிரித்திருந்தார், ஆனால் தென்கிழக்கில் அடி விழுந்தால் களைத்த ஸ்குவாட்ரன்களை வடக்கே அனுப்பி, வடக்கே ஓய்ந்திருந்தவற்றைக் கீழே இறக்க முடிந்தது. யாரிடமும் கடன் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் ஜீப் கதைக்கும் இரண்டாம் பாகம் உண்டு. அந்தப் புயலுக்குப் பிறகு விசாரணை வந்தது, பாடம் கற்றோம். ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு ஜீப், டிரைவரோடு, டீசலோடு, முழுப் பொறுப்பும் அங்கிருக்கும் அதிகாரிக்கு என்று உத்தரவு வந்தது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவன் நானே, சந்தோஷமாகத்தான் செய்தேன். இரண்டு ஆண்டு கழித்து ஏரி உடைந்து ஒரு கொம்யூன் மட்டும் மூழ்கியது. அங்கே ஒரு ஜீப், அதுவும் தண்ணீரில் நின்றுவிட்டது. மற்ற கொம்யூன்களில் ஜீப்புகள் காய்ந்த தரையில் நின்றன. கேட்டதற்கு, "எங்க பக்கமும் ராத்திரி மழைன்னு ரேடியோவில் சொல்றாங்களே" என்றார்கள். அவர்களும் கெட்டவர்கள் இல்லை. தன் கையில் கொடுத்ததைத் தன் மக்களுக்கென்று பிடித்து வைத்துக்கொள்வது பொறுப்புள்ள அதிகாரியின் குணம். தியேட்டர் தளபதிக்கும் அந்தக் குணம் வராமல் போகாது.

இனி நம் விமானப்படையின் இருப்பை எண்ணிப் பாருங்கள். அரசு அனுமதித்த போர் ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 சண்டிகரில் விடைபெற்ற பிறகு மிஞ்சியது 29. வானிலிருந்தே எதிரியைக் கண்காணிக்கும் பெரிய ஃபால்கன் விமானங்கள் மூன்று. பறந்துகொண்டே எண்ணெய் கொடுக்கும் டேங்கர்கள் ஆறு. ஆறை மூன்று தியேட்டருக்குப் பிரித்தால் இரண்டு. இரண்டில் ஒன்று பழுது பார்க்கப் போயிருந்தால்? என் நண்பருக்குக் கோபம் வருவது இந்தக் கணக்கில்தான், அதில் அவர் பக்கம் முழு நியாயம் இருக்கிறது. தரைப்படையின் ஒரு டிவிஷனை லடாக்கிலிருந்து ராஜஸ்தானுக்கு நகர்த்த நாட்கள் ஆகும், அதனால் அதைப் பங்கு போட்டு வைப்பதில் அர்த்தம் உண்டு. விமானம் காலையில் ஒரு எல்லை, மாலையில் இன்னொரு எல்லை. தஞ்சாவூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் அங்கே 222-ஆம் ஸ்குவாட்ரன் சுகோய் விமானங்களோடு, பிரமோஸ் ஏவுகணையோடு வந்தது. இந்தியப் பெருங்கடலைப் பார்க்க வைத்தது, ஆகவே கடல் தியேட்டருக்கு என்று எழுதிவிடலாம். ஆனால் வழியில் எண்ணெய் கிடைத்தால் அதே விமானம் வடக்கு எல்லை வரை போய்வரும். அன்றைக்கு யாருடைய அனுமதி?

2025 ஆகஸ்டில் மோவ் நகரில் நடந்த முப்படைக் கருத்தரங்கில் விமானப்படைத் தலைவர் ஏ.பி. சிங் இந்தத் தயக்கத்தை வெளிப்படையாகவே சொன்னார். அவசரப்பட வேண்டாம், டெல்லியிலேயே மூன்று படைத் தலைவர்களும் முப்படைத் தளபதியும் சேர்ந்து திட்டமிடும் மையம் ஒன்று போதும் என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, மருந்துதான் பிடிக்கவில்லை. நாலு பெரியவர்கள் கூடிப் பேசினால் போதும் என்பது கூட்டக் குறிப்பு எழுதிப் பழகியவனுக்குத் தெரிந்த விஷயம். கூட்டம் நன்றாக நடக்கும். மறுநாள் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

1940-இல் அடிபட்ட பிரான்ஸ் இப்போது எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. அங்கே விமானப்படைத் தலைவர் படையைத் தயார் செய்து கொடுப்பவர், அவ்வளவுதான். ஆள் சேர்ப்பு, பயிற்சி, விமானம், பராமரிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. போருக்கு ஏவும் அதிகாரம் ஜனாதிபதிக்குக் கீழே முப்படைகளின் தலைவரிடம். 1962-இல் வந்த அந்தப் பதவியை 2005-லும் 2009-லும் ஆணைகள் போட்டு இன்னும் இறுக்கினார்கள். அணுகுண்டைச் சுமக்கும் விமானங்களுக்கு 1964-இலிருந்து தனிக் கமாண்டு, அதற்கான உத்தரவு ஜனாதிபதியிடமிருந்து மட்டும். அமைதிக் காலத்தில் அடையாளம் தெரியாத விமானம் ஒன்று வானில் வந்தால் அதற்குப் பொறுப்பு பிரதமர். மூன்று வேலைக்கு மூன்று சங்கிலி. ஒவ்வொன்றிலும் கையெழுத்து யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

அவர்கள் இதில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1961 ஏப்ரலில் அல்ஜியர்சில் த கோலுக்கு எதிராகக் கலகம் செய்த நான்கு ஜெனரல்களில் ஷால், ழூஓ இருவரும் விமானப்படைக்காரர்கள். ழூஓ அந்தப் படைக்கே தலைவராக இருந்தவர். எனக்கு அப்போது பத்து, பதினோரு வயது. எங்கள் சொல்தா தாத்தா மகன் அல்ஜீரியாவில் இருந்தான், கிழவர் நாலு நாள் ரேடியோவை விட்டு எழுந்திருக்கவில்லை. படைக்குள்ளேயே உத்தரவு கொடுப்பவர் யார் என்று சந்தேகம் வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் முகத்தில்தான் முதலில் பார்த்தேன்.

நமக்கு முக்கியமானது வேறொன்று. ஏவும் அதிகாரத்தை ஒருங்கிணைத்த பிரான்ஸ், விமானங்களைப் பங்கு போடவில்லை. வான் நடவடிக்கைகளுக்கென்று ஒரே கமாண்டு, அதன் மையம் லியோன் அருகே மோன் வெர்துன் மலைக்கு அடியில். 2013 ஜனவரியில் மாலி நாட்டில் சண்டை வந்தபோது பிரான்சின் கிழக்கே செந்த் திசியே தளத்திலிருந்து நான்கு ரஃபேல்கள் எழும்பி, வழியில் எண்ணெய் வாங்கி, வட மாலியில் குண்டு போட்டுவிட்டு, ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பறந்து சாட் நாட்டில் இறங்கின. 1940 மாதிரி மண்டலம் பிரித்து வைத்திருந்தால் அந்த ரஃபேல்கள் ஜெர்மனி எல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும்.

பிரான்ஸ் சின்ன நாடு, பக்கத்தில் எதிரி இல்லை, நமக்கு இரண்டு பக்கம் இரண்டு பேர் என்று நண்பர் சொல்லுவார். உண்மை. அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. தரைப்படையையும் கடற்படையையும் தியேட்டர்களில் வைக்கட்டும், அதில் எனக்குத் தடை இல்லை. ஹெலிகாப்டர்கள், எல்லைக்கு அருகே உள்ள ஏவுகணைப் பிரிவுகள் போன்றவற்றை அந்தத் தளபதிகளிடமே கொடுக்கலாம். போர் ஸ்குவாட்ரன்கள், டேங்கர்கள், ஃபால்கன்கள் ஆகியவை முழு நாட்டுக்கும் ஒரே வான் கமாண்டில் இருக்கட்டும். அந்த வான் தளபதியும் தியேட்டர் தளபதிகளும் ஒரே முப்படைத் தளபதிக்குக் கீழே வரட்டும். எந்தத் தியேட்டருக்கு இன்று எத்தனை ஸ்குவாட்ரன் என்பதை அவர் தினமும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும், மறுநாள் மாற்றட்டும். இன்றைக்கு அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அதைக் கொடுக்காமல் தியேட்டர் தொடங்கினால், பதினேழு கமாண்டுகளோடு இன்னும் மூன்று சேர்ந்து இருபது என்று ஆகுமே தவிர வேறொன்றும் நடக்காது.

இதில் என் நண்பருக்குக் கசக்கும் பகுதி ஒன்று உண்டு. விமானங்களை ஒரே கையில் வைக்க வேண்டும் என்று கேட்கிற விமானப்படை, அந்தக் கை வாயு பவனில் இருக்கும் தலைவருடையதாகவே இருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. முதல் கோரிக்கை நியாயம். இரண்டாவது, 1955-இல் மாற்றிய பெயர்ப்பலகைக்குப் பின்னால் பழைய நாற்காலியை வைத்துக்கொள்வது. விமானப்படைத் தலைவர் தயார் செய்து கொடுக்கட்டும், வான் தளபதி ஏவட்டும். தரைப்படைக்கும் கடற்படைக்கும் இதே விதிதான்.

சட்டத்தில் ஒரு படி ஏற்கெனவே ஏறிவிட்டார்கள். அந்தமான் போன்ற பொதுக் கமாண்டில் ஒரு விமானப்படைக்காரர் தப்பு செய்தால், முன்பெல்லாம் அங்கே தளபதியாக இருக்கும் கடற்படை அதிகாரியால் தண்டிக்க முடியாது, அவருடைய படைக்கே அனுப்ப வேண்டும். 2023-இல் அதற்குத் தனிச் சட்டம் வந்து 2024 மே மாதம் அமலானது. பத்திரிகைகளில் ஒரு மூலையில் வந்த செய்தி. என்னைக் கேட்டால் ரஃபேல் வாங்கியதற்குச் சமமான விஷயம். ஒழுங்கு நடவடிக்கை யார் கையிலோ அவர் சொல்தான் நடக்கும், இதை முப்பத்தைந்து ஆண்டு சர்வீசில் பார்த்துவிட்டேன்.

நாளைக் காலை இதை அச்செடுத்து நண்பரிடம் கொடுக்கப் போகிறேன். சிவப்புப் பேனாவோடு திரும்பி வருவார் என்று தெரியும். தஞ்சாவூர் சுகோய் எந்தத் தியேட்டருக்கு என்ற கேள்விக்கு அவர் என்ன சொல்கிறார் என்பதை அடுத்த பதிவில் போடுகிறேன்.